வளைந்த அலுமினிய ஜாப்புகளில் மில்லிங் ஃபினிஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைபரப்பில் ஃபினிஷ் சரியில்லை என்றால் பலருக்கும் முதலில் தோன்றுவது ஃபீடை, அதாவது கட்டர் நகரும் வேகத்தை, குறைப்பது. அலுமினியத்தில் அது பல நேரம் நிலைமையை இன்னும் மோசமாக்கும். பரப்பில் விழும் ஒவ்வொரு கோட்டுக்கும் தனிக் காரணம் உண்டு, அந்தக் காரணம் கோட்டின் இடைவெளியிலேயே எழுதியிருக்கும். முதலில் அதைப் படியுங்கள், பிறகு எண்களை மாற்றுங்கள்.

கோடு எதனால் விழுந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜாப்பை, அதாவது வெட்டப்படும் பொருளை, துடைத்து, ஒரு விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, 10 மடங்கு உருப்பெருக்கும் லென்ஸில் பாருங்கள். 10 கோடுகளுக்கான மொத்த இடைவெளியை அளந்து 10ஆல் வகுத்தால் ஒரு கோட்டின் இடைவெளி கிடைக்கும். அதைக் கீழ்க்கண்டவற்றோடு ஒப்பிடுங்கள்.

கட்டர் ஓடிய திசைக்கு இணையாக, ஸ்டெப் ஓவர் (அடுத்தடுத்த பாதைகளுக்கு இடையிலான தூரம்) அளவிலேயே இடைவெளி இருந்தால் அது அடுத்தடுத்த பாதைகளுக்கு இடையே மிஞ்சும் முகடு. பாதைக்குக் குறுக்கே, ஒரு சுற்றுக்கான ஃபீடுக்குச் சமமாக இருந்தால் ரன்அவுட், அதாவது கட்டர் மையம் விலகிச் சுழல்வது. உதாரணமாக 10,000 ஆர்பிஎம், 2 பல், நிமிடத்துக்கு 2,000 மி.மீ. ஃபீட் என்றால் ஒரு பல்லுக்கு 0.1 மி.மீ., ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ. கோடுகள் 0.2 மி.மீ. இடைவெளியில் இருந்தால் ஒரு பல் மட்டுமே ஆழமாக வெட்டுகிறது. மீன் செதில் போன்ற அலைகளும் கூடவே கீச்சென்ற சத்தமும் இருந்தால் சாட்டர், அதாவது வெட்டும்போது வரும் அதிர்வு. அரை மி.மீ. முதல் சில மி.மீ. வரை அகலமான தட்டைப் பட்டைகள் தெரிந்தால் கோளாறு கட்டரில் இல்லை, கட்டரின் பாதையை உருவாக்கும் கேம் மென்பொருளின் டாலரன்ஸில் (அனுமதிக்கும் விலகலில்) இருக்கிறது. திசையே இல்லாத கீறல்கள் சிப்ஸ் (வெட்டில் வரும் உலோகச் சீவல்) மறுபடி வெட்டப்பட்டதன் அடையாளம். வழித்துப் பூசியது போலவோ பிய்ந்தது போலவோ திட்டுகள் இருந்தால் கட்டர் முனையில் அலுமினியம் ஒட்டியிருக்கிறது.

பால் நோஸ் (உருண்டை முனை) கட்டருக்கு ஸ்டெப் ஓவர் எவ்வளவு வைக்கலாம்?

முகட்டின் உயரத்தைக் கணக்கிட எளிய வழி இருக்கிறது: ஸ்டெப் ஓவரின் வர்க்கத்தை, கட்டர் ஆரத்தின் 8 மடங்கால் வகுக்க வேண்டும். 10 மி.மீ. கட்டர் (ஆரம் 5), ஸ்டெப் ஓவர் 0.5 மி.மீ. என்றால் 0.25 ÷ 40, அதாவது 6.25 மைக்ரான். 0.3 மி.மீ. வைத்தால் 2.25 மைக்ரான். அதே 0.3ஐ 6 மி.மீ. கட்டரில் வைத்தால் 3.75 மைக்ரான்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஸ்டெப் ஓவரைப் பாதியாக்கினால் நேரம் இரட்டிப்பாகும், ஆனால் முகடு கால் பங்காகிவிடும். இடம் கொடுக்கும் வரை பெரிய கட்டரே லாபம். சிறிய வளைவு ஓர் ஓரத்தில் இருக்கிறது என்பதற்காக முழு ஜாப்பையும் 4 மி.மீ. கட்டரில் முடிப்பது வீண். பெரிய பரப்பைப் பெரிய கட்டரிலும் மூலைகளை மட்டும் சிறியதிலும் முடியுங்கள்.

சீரான முகடுகளில் ஆர்ஏ மதிப்பு (சராசரி சொரசொரப்பு) தோராயமாக முகட்டு உயரத்தின் கால் பங்கு. 2.25 மைக்ரான் முகட்டுக்குக் கணக்குப்படி ஆர்ஏ 0.6 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவாக வரும். ரன்அவுட், அதிர்வு, ஒட்டுதல் எல்லாம் சேர்ந்து நிஜத்தில் கூடுதலாகத்தான் இருக்கும். கணக்கு 0.6 சொல்லி அளவீடு 1.6 காட்டினால், ஸ்டெப் ஓவரை மேலும் குறைத்துப் பயனில்லை. மிச்சம் வேறெங்கிருந்தோ வருகிறது.

இதே சூத்திரம் ஃபீட் திசைக்கும் ஓரளவு பொருந்தும். ஒரு பல்லுக்கு 0.1 மி.மீ. ஃபீடும் 0.3 மி.மீ. ஸ்டெப் ஓவரும் இருந்தால் கோடுகள் ஒரே திசையில் ஓடுவது தெளிவாகத் தெரியும். இரண்டையும் நெருக்கமாக வைத்தால், எடுத்துக்காட்டாக இரண்டும் 0.15 மி.மீ., பரப்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி தெரியும், மெருகேற்றவும் சுலபம்.

மேல்பகுதி நன்றாக வருகிறது, செங்குத்தான பக்கம் மட்டும் சொரசொரப்பாக இருக்கிறதே?

இணைகோட்டுப் பாதையில் ஸ்டெப் ஓவர் மேலிருந்து பார்க்கும் தளத்தில் அளக்கப்படுகிறது. பாதைக்குக் குறுக்கே பரப்பு சாயச் சாய, பரப்பின் மீதான உண்மையான இடைவெளி நீளும். 60 பாகைச் சாய்வில் அது இரட்டிப்பாகிறது, முகடு 4 மடங்காகிறது. 75 பாகையில் முகடு ஏறக்குறைய 15 மடங்கு.

ஆகவே பரப்பைச் சாய்வின்படி பிரிக்க வேண்டும். சுமார் 45 பாகைக்குக் கீழே இணைகோட்டுப் பாதை அல்லது சுருள் பாதை, அதற்கு மேலே மட்டத்துக்கு மட்டம் இறங்கும் பாதை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றிரண்டு ஸ்டெப் ஓவர் அளவு மேற்பொருத்தம் கொடுங்கள். மென்பொருளில் முகட்டைச் சமமாக வைக்கும் பாதை இருந்தால் பிரிக்கவே தேவையில்லை. ஆனால் அந்தப் பாதை சில வடிவங்களில் நடுவே வந்து சுருங்கி ஒரு தையல் கோட்டை விடும். கண்ணில் படும் இடத்தில் அந்தக் கோடு விழுகிறதா என்று சிமுலேஷனில் பார்த்த பிறகே ஓட்டுங்கள்.

கட்டரின் உச்சி தொடும் இடம் மங்கலாக, பிய்ந்தது போல வருகிறது. ஏன்?

பால் நோஸ் கட்டரின் நட்டநடு முனையில் வெட்டு வேகம் பூஜ்யம். அங்கே பல் வெட்டவில்லை, உலோகத்தை அழுத்தித் தேய்க்கிறது. 10 மி.மீ. கட்டரை 0.2 மி.மீ. ஆழத்தில் தட்டையான இடத்தில் ஓட்டினால் உண்மையில் வெட்டும் விட்டம் 2.8 மி.மீ. மட்டுமே. 10,000 ஆர்பிஎம்மில் 10 மி.மீ.க்குக் கணக்கிட்டால் நிமிடத்துக்கு 314 மீட்டர் வேகம் என்று தோன்றும். நிஜத்தில் அதிகபட்சமே 88 மீட்டர். அலுமினியம் கட்டரில் ஒட்டிக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு அதற்குக் கிடைக்காது.

கட்டரை 15 பாகை சாய்த்தால் வெட்டும் விட்டம் 5.2 மி.மீ. ஆகிறது, வேகம் நிமிடத்துக்கு 163 மீட்டராகிறது, முக்கியமாக நடுமுனை பரப்பைத் தொடுவதே இல்லை. 5 அச்சு மெஷின் இருந்தால் 10 முதல் 15 பாகைச் சாய்வை வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். 3 அச்சு மெஷினில் ஜாப்பையே ஓர் ஆப்புத் தட்டின் மீது சாய்த்துக் கட்டலாம். அதற்கும் வழியில்லை என்றால் தட்டையான பகுதிக்கு மூலை ஆரம் உள்ள புல் நோஸ் கட்டரைப் பயன்படுத்துங்கள். அல்லது ஸ்பிண்டிலை அது தாங்கும் உச்ச ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோங்கள். சரிவில் கட்டர் கீழிருந்து மேலே ஏறும்படி பாதை அமைந்தால் பக்கவாட்டுப் பல் வெட்டும். இறங்கும்போது நடுமுனை மாட்டிக்கொள்ளும்.

ஃபீடைக் குறைத்தால் ஏன் கெடுகிறது?

மேலோட்டமான வெட்டில் சிப் நாம் போட்ட எண்ணைவிட மிக மெல்லியது. மேலே சொன்ன 0.2 மி.மீ. ஆழத்தில், ஒரு பல்லுக்கு 0.1 மி.மீ. ஃபீட் போட்டாலும் சிப்பின் தடிமன் 0.03 மி.மீ.ஐத் தாண்டாது. ஃபீடை 0.02 ஆக்கினால் சிப் 6 மைக்ரானுக்கும் கீழே போய்விடும். வெட்டுமுனையின் கூர்மையே சில மைக்ரான் ஆரம் கொண்டது. அந்த நிலையில் பல் உலோகத்தைச் சீவாது, தேய்த்துச் சூடாக்கும், பிறகு உலோகம் ஒட்டும். பல் ஒன்றுக்கு 0.05 மி.மீ.க்குக் கீழே போகும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

அலுமினியத்துக்கு எந்தக் கட்டர்?

2 அல்லது 3 பல் உள்ள திட கார்பைடு, பளபளப்பாக மெருகேற்றிய சிப் பள்ளங்கள், கூர்மையான முனை, 40 முதல் 45 பாகை ஹீலிக்ஸ் (பல்லின் சுருள் கோணம்). பூச்சு இல்லாததே போதும். பூச்சு வேண்டுமென்றால் சிர்கோனியம் நைட்ரைடு, டைட்டானியம் டைபோரைடு, வைரத்தை ஒத்த கார்பன் ஆகிய மூன்றும் பொருந்தும். எஃகுக்கான டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூச்சு வேண்டாம்: அதிலுள்ள அலுமினியமும் ஜாப்பின் அலுமினியமும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், பூச்சு முனையையும் சற்று மழுங்கடிக்கும். எஃகில் ஓடிய கட்டரை அலுமினிய ஃபினிஷிங்குக்கு எடுக்கவே கூடாது. ஃபினிஷிங் கட்டருக்குத் தனி டப்பா, தனி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

கூலண்ட் எப்படி இருக்க வேண்டும்?

நீரில் கரையும் எண்ணெய் என்றால் 8 முதல் 10 சதவீதம். ரிஃப்ராக்டோமீட்டர் காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்ணெய் டப்பாவில் கொடுத்துள்ள காரணியால் பெருக்க வேண்டும். 5 காட்டி, காரணி 1.6 என்றால் செறிவு 8 சதவீதம். நீர்த்துப் போன கூலண்ட்தான் ஒட்டுதலுக்குப் பொதுவான காரணம், ஆனால் கடைசியாகத்தான் பலரும் அதைச் சோதிக்கிறார்கள்.

கூலண்டின் முதல் வேலை சிப்பை அகற்றுவது. குழிந்த வடிவங்களில் சிப்ஸ் அடியில் தேங்கி, அடுத்த சுற்றில் கட்டருக்கும் பரப்புக்கும் இடையே நசுங்கிக் கீறும். குழாய் முனையைக் கட்டர் வெட்டும் புள்ளிக்கே நேராக, இரண்டு பக்கமிருந்தும் வையுங்கள். ஃபினிஷிங்குக்கு முன் புரோகிராமை நிறுத்தி, ரஃபிங் (முதற்கட்ட முரட்டு வெட்டு) சிப்ஸை முழுவதும் கழுவிவிடுங்கள். மிகக் குறைந்த எண்ணெயைக் காற்றோடு தெளிக்கும் முறையும் ஃபினிஷிங்கில் நன்றாக வேலை செய்கிறது. வெறும் காற்று மட்டும் போதாது.

வேலை முடிந்ததும் ஜாப்பைக் கழுவி உலர்த்துங்கள். காரத்தன்மை கூடிய கூலண்ட் இரவு முழுவதும் தங்கினால் பரப்பில் கறை படியும், அதைத் துடைத்து எடுக்க முடியாது.

ஃபினிஷிங்குக்கு எவ்வளவு மெட்டீரியல் விட வேண்டும்?

0.2 முதல் 0.3 மி.மீ., எல்லா இடத்திலும் ஒரே சீராக. இதில் அளவைவிடச் சீர்தான் முக்கியம். ரஃபிங் கட்டர் படிக்கட்டு போலப் படிகளை விட்டுச் செல்கிறது. அதன் மீது நேரடியாக ஃபினிஷிங் ஓட்டினால் ஆழம் 0.2, 1.0, 0.2 என்று மாறிக்கொண்டே போகும், கட்டர் அதற்கேற்ப வளைந்து நிமிரும், அந்தப் படிகளின் நிழல் முடிந்த பரப்பிலும் தெரியும். ஆகவே இடையில் ஒரு செமி ஃபினிஷிங் வேண்டும். மூலைகளில் பெரிய கட்டர் விட்டுப்போன மிச்சத்தையும் தனியாக எடுத்துவிடுங்கள். 0.05 மி.மீ. மட்டும் விட்டால் கட்டர் சில இடங்களில் வெட்டும், சில இடங்களில் தேய்க்கும்.

வழவழப்பான வளைவு பட்டை பட்டையாகத் தெரிகிறது. மெஷின் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. கேம் மென்பொருள் வளைவைச் சிறு நேர்கோடுகளாக உடைக்கிறது. கோட்டின் நீளம், வளைவின் ஆரத்தையும் டாலரன்ஸையும் பெருக்கி, 8 மடங்காக்கி, வர்க்கமூலம் எடுத்த அளவு. 50 மி.மீ. ஆர வளைவுக்கு 0.01 மி.மீ. டாலரன்ஸ் கொடுத்தால் ஒவ்வொரு பட்டையும் 2 மி.மீ. அகலம், தட்டைப் பட்டைகள் வெளிச்சத்தில் கண்ணாடித் துண்டுகளாக மின்னும். விலகல் வெறும் 10 மைக்ரான்தான், ஆனால் கண் உயரத்தைப் பார்ப்பதில்லை, கோணம் மாறுவதைப் பார்க்கிறது. ஃபினிஷிங்குக்கு 0.001 முதல் 0.002 மி.மீ. கொடுங்கள். 0.001இல் அதே பட்டை 0.63 மி.மீ. ஆகும், கோண மாற்றமும் அதே அளவில் குறையும்.

வாடிக்கையாளர் கொடுத்த மாடலே முக்கோணங்களால் ஆன எஸ்டிஎல் கோப்பு என்றால் எந்த டாலரன்ஸும் உதவாது. உண்மையான வளைவுகளைக் கொண்ட ஸ்டெப் வகைக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

டாலரன்ஸைக் குறைத்ததும் மெஷின் விக்கி விக்கி ஓடுகிறதே?

புள்ளிகள் நெருங்கியதால்தான். நிமிடத்துக்கு 3,000 மி.மீ. என்பது நொடிக்கு 50 மி.மீ.; கோடுகள் 0.05 மி.மீ. என்றால் நொடிக்கு 1,000 வரிகளைக் கண்ட்ரோல் படித்து முடிக்க வேண்டும். அதால் 500தான் முடியும் என்றால் ஃபீட் பாதியாகிவிடும், அதுவும் சீராக அல்ல. ஒவ்வொரு தயக்கத்திலும் ஒரு தழும்பு விழும்.

கண்ட்ரோலில் உள்ள மென்மையாக்கும் வசதியை இயக்குங்கள். ஃபானுக்கில் ஜி05.1 கியூ1, சீமென்ஸில் சைக்கிள் 832, ஹைடன்ஹைனில் சைக்கிள் 32, ஹாஸில் ஜி187 பி3. இவற்றில் டாலரன்ஸ் கொடுக்கும் இடம் இருந்தால், கேம் டாலரன்ஸைவிடச் சற்றுப் பெரிதாக, 0.005 முதல் 0.01 மி.மீ. வரை வையுங்கள். அப்போதுதான் கண்ட்ரோலுக்குப் பாதையை வழவழப்பாக்க இடம் கிடைக்கும். மெஷினில் உண்மையான ஃபீட் காட்டும் திரையை ஒரு நிமிடம் கவனித்துப் பாருங்கள். எண் துள்ளிக்கொண்டிருந்தால், அது நிலையாக நிற்கும் வரை ஃபீடைக் குறைப்பதே நல்லது. அப்படிக் குறைக்கும்போது பல்லுக்கான ஃபீட் சரியாமலிருக்க ஆர்பிஎம்மையும் கூடவே பாருங்கள்.

சாட்டரை எப்படி நிறுத்துவது?

முதலில் கட்டர் வெளியே நீட்டியிருக்கும் நீளத்தைப் பாருங்கள். கட்டர் வளைவது நீளத்தின் மும்மடியாகக் கூடும், விட்டத்தின் நான்மடியாகக் குறையும். 30 மி.மீ. நீட்டலை 40 ஆக்கினால் வளைவு 2.4 மடங்கு. விட்டத்தை 10இலிருந்து 8 ஆக்கினாலும் அதே 2.4 மடங்கு. விட்டத்தைப் போல 3 முதல் 4 மடங்கு நீட்டலுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆழம் போயே ஆக வேண்டுமென்றால், கழுத்து மெலிந்து தண்டு தடித்த கட்டர் வாங்குங்கள்.

அடுத்து ஆர்பிஎம். கைபேசியில் ஒலி அலைவெண் காட்டும் செயலியை இறக்கி, கீச்சொலியின் அலைவெண்ணைப் பாருங்கள். அதை 60ஆல் பெருக்கிப் பல் எண்ணிக்கையால் வகுத்து, வரும் விடையை 1, 2, 3 என்று வகுத்தால் அமைதியான ஆர்பிஎம்கள் தோராயமாகக் கிடைக்கும். 1,000 ஹெர்ட்ஸ், 2 பல் என்றால் 30,000, 15,000, 10,000. மெஷினால் எட்டக்கூடியதில் உயர்ந்ததை முதலில் முயலுங்கள். குருட்டாம்போக்கில் ஆர்பிஎம்மைக் குறைப்பதைவிட இது வேகமாக வழிகாட்டும்.

உள்மூலை வளைவில் மட்டும் சாட்டர் வந்தால், கட்டர் ஆரம் மூலை ஆரத்துக்குச் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். சமமாக இருந்தால் மூலைக்குள் கட்டர் திடீரென்று கால் சுற்றளவுக்கு மாட்டிக்கொள்ளும். மூலை ஆரத்தில் 70 முதல் 80 சதவீதம் உள்ள கட்டரே சரி.

ரன்அவுட் எவ்வளவு வரை பரவாயில்லை?

ஃபினிஷிங்குக்கு 5 மைக்ரான், அதுவும் ஸ்பிண்டில் மூக்கில் அல்ல, கட்டர் தண்டில் அளக்கும்போது. கூடுதலாக இருந்தால் ஹோல்டரைப் பழிக்கும் முன் கோலெட்டையும் (கட்டரை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) நட்டையும் கூம்பையும் துடையுங்கள். ஒரு சிறு அலுமினியத் துகள் போதும், 20 மைக்ரான் காட்டும். கோலெட்டுகள் தேயும் பொருள்கள், காலாகாலத்தில் மாற்ற வேண்டியவை.

ஒரே திசையில் ஓட்டுவதா, போய் வருவதா?

ஃபினிஷ் முக்கியமென்றால் ஒரே திசையில், கிளைம்ப் மில்லிங். பல் தடிமனான பக்கம் நுழைந்து மெல்லிய பக்கம் வெளியேறுவதால் பரப்பு தேயாது. போய் வரும் பாதையில் ஒரு வரி கிளைம்ப், அடுத்த வரி எதிர்த்திசை. கட்டர் ஒருமுறை உள்ளேயும் ஒருமுறை வெளியேயும் வளையும். திருகின் தளர்வும் சேர்ந்து வரிக்கு வரி உயரம் மாறி, கோடு போட்ட துணி போலத் தெரியும். நேரம் கூடுவது உண்மைதான். செமி ஃபினிஷிங்கைப் போய் வரும் பாதையில் ஓட்டி அந்த நேரத்தை அங்கே மிச்சப்படுத்துங்கள்.

வளைவின் உச்சியிலோ பக்கத்திலோ, ஓர் அச்சு திசை திரும்பும் இடத்தில் மட்டும் ஒற்றைக் கோடு விழுந்தால், அது பாதையால் வருவதல்ல. பால்பார் சோதனை (மெஷினின் வட்ட ஓட்டத்தை அளப்பது) செய்து, தளர்வு ஈட்டு மதிப்பைச் சரிசெய்ய வேண்டும். அதுவரை பாதையின் கோணத்தை 45 பாகைக்குத் திருப்பினால் கோடு சற்று மங்கும்.

இரண்டு கட்டர்கள் சந்திக்கும் இடத்தில் படி விழுகிறது.

விரல் நகத்துக்கு 10 மைக்ரான் படியே தட்டுப்படும். குளிர்ந்த ஸ்பிண்டிலில் ஒரு கட்டரையும் சூடான ஸ்பிண்டிலில் இன்னொன்றையும் அளந்தால் அதைவிடப் பெரிய படி வரும். 15 முதல் 20 நிமிடம் வேலை ஆர்பிஎம்மில் சூடேற்றி, பிறகு எல்லாக் கட்டர்களையும் ஒரே சமயத்தில் அளங்கள். அதைவிட நல்லது, கண்ணில் படும் பரப்பு முழுவதையும் ஒரே கட்டரில் முடித்து, எல்லையைக் கூர்விளிம்புக்கோ பிரிகோட்டுக்கோ தள்ளுவது. கட்டர் பரப்பின் நடுவே இறங்கவோ ஏறவோ கூடாது. நுழைவும் வெளியேற்றமும் பரப்பின் தொடுகோட்டில் வில்லாக, முடிந்தால் ஜாப்புக்கு வெளியே.

பீப்பாய் வடிவக் கட்டர் வாங்கலாமா?

5 அச்சும், அதை ஆதரிக்கும் கேம் மென்பொருளும் இருந்தால், பெரிய மென்வளைவுகளுக்குத் தாராளமாக. 2 மைக்ரான் முகட்டுக்கு 5 மி.மீ. ஆரத்தில் 0.28 மி.மீ. ஸ்டெப் ஓவர்தான் கிடைக்கும். பக்கவாட்டு ஆரம் 100 மி.மீ. உள்ள பீப்பாய்க் கட்டரில் 1.26 மி.மீ. கிடைக்கும். குழிந்த பரப்பின் ஆரம் கட்டரின் ஆரத்தைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும், இல்லையென்றால் கட்டர் தோண்டிவிடும்.

எல்லா அலுமினியமும் ஒரே மாதிரி வெட்டுப்படுமா?

இல்லை. 6061 டி6, 7075 டி6, 2024 ஆகியவை சுத்தமாக வெட்டுப்படும். 1100, 3003 போன்ற மென்மையானவை பசை போல இழுபடும். அவற்றுக்கு இன்னும் கூர்மையான கட்டரும் கூடுதல் வேகமும் வேண்டும். சிலிக்கான் மிகுந்த வார்ப்பு அலுமினியம் முனையை அரித்துவிடும், உள்ளிருக்கும் நுண்துளைகள் பரப்பில் திறந்துகொள்ளும். அந்தத் துளைகளை எந்தக் கட்டராலும் மறைக்க முடியாது.

மெல்லிய சுவர் உள்ள ஜாப்புக்கு, நீட்டி அழுத்தம் தளர்த்திய டி651 தட்டு எடுங்கள். இரு பக்கமும் மாறி மாறி, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி முடியுங்கள். கீழ்ப்பகுதி தடிமனாக இருந்து தாங்கும். பின்புறக் குழியில் மெழுகு ஊற்றி நிரப்பினால் அதிர்வு நன்றாக அடங்கும்.

வளைபரப்பில் ஆர்ஏ எப்படி அளப்பது?

ஸ்டெப் ஓவர் கோடுகளுக்குக் குறுக்கே. கோட்டோடு சேர்த்து அளந்தால் பொய்யாக நல்ல எண் வரும். ஆர்ஏ 0.1 முதல் 2 மைக்ரான் வரை 0.8 மி.மீ. கட்ஆஃப் (மாதிரி நீளம்). கருவியில் வளைவு வடிவத்தை நீக்கும் வசதி இருந்தால் இயக்குங்கள், இல்லையேல் வளைவே சொரசொரப்பாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஆனோடைஸ் செய்தால் கோடுகள் மறையுமா?

மறையாது. ஆனோடைஸில் உருவாகும் ஆக்சைடு படலம் பரப்பை அப்படியே பின்பற்றும், கறுப்புச் சாயத்தில் கோடு இன்னும் எடுப்பாகவே தெரியும். மங்கலான தோற்றம் போதுமென்றால் ஆனோடைஸுக்கு முன் கண்ணாடி மணி வீச்சு கொடுங்கள். சில மைக்ரான் முகடுகள் அதில் கலைந்துவிடும். சாட்டர் அலைகளும் பட்டைகளும் கலையாது. பளபளப்பு வேண்டுமென்றால் 320, 400, 600 என உப்புத்தாளை வரிசையாக, மண்ணெண்ணெய் தொட்டு, ஒவ்வொரு முறையும் முந்தைய திசைக்குக் குறுக்கே தேயுங்கள். முந்தைய தாளின் கீறல் முழுவதும் போகாமல் அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. உலர்ந்த அலுமினியத் தூள் தீப்பற்றக்கூடியது. எஃகு சாணை பிடிக்கும் இடத்திலோ அதன் தூசு உறிஞ்சியிலோ அதைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.